டிரெஸ்டன் தேவாலயத்துக்கு மூன்று சுற்று

நானும் என் சம்பந்தியும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய தேவாலயத்தை வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். டிரெஸ்டன் நகரத்தின் பழைய சதுக்கம். வெள்ளிக்கிழமை மத்தியானம். வெயில் நன்றாகத்தான் எறித்தது. ஆனாலும் தரையில் பதித்த கல் காலுறைக்குள்ளால் குளிர்ந்தது.

குதிரை வண்டிக்காரன் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்றே விட்டார்.

"உங்களுக்குக் கால் நோகவில்லையா?" என்று டொச்சில், அதுதான் ஜேர்மன் பாஷையில், கேட்டார்.

"நோகிறதுதான். நோக வேண்டும் என்றுதான் நடக்கிறோம்" என்று நானும் டொச்சிலேயே சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் சரி" என்று நாயை இழுத்துக்கொண்டு போனார். இந்த நாட்டுச் சனத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். காரணம் இருக்கிறது என்று சொன்னால் மேலே கேட்கமாட்டார்கள்.

"என்னவாம், அக்கா?" என்றார் சம்பந்தி. அவருக்கு டொச் தெரியாது.

"இந்த வயசிலும் நல்லாய் நடக்கிறியளாம்."

"ஓமோ?" என்று அவர் இன்னும் நிமிர்ந்து நடந்தார்.

இரண்டு பேரும் நேர்த்தி வைத்துத்தான் சுற்றினோம். என் ஒரே மகன் கனடாவுக்குப் போகக்கூடாது என்பது என் நேர்த்தி. தன்னுடையது என்னவென்று சம்பந்தி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ரீச்சர்

சம்பந்தியை நான் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்திலும் பிறகு ரொறன்ரோவிலும் படிப்பித்தவர். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இந்தத் தொடரைக்கூட நான் கொப்பியில் கிறுக்குவதை, பத்திரிகைப் பிள்ளைகள் திருத்தித்தான் போடுகிறார்கள். அதில் எனக்கு வெட்கம் இல்லை. இது வேலைக்குப் போன கை.

மகன் நிமலன் ஹனோவரில் பிறந்து, படித்து, அங்கேயே இஞ்சினியராக இருந்தவன். மருமகள் வாணி ரீச்சரின் மகள். கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். நான் சொல்லும் காலத்தில் அவளுக்கு ஐந்தாம் மாதம்.

அப்போதுதான் நிமலனின் கம்பனி, ரொறன்ரோக் கிளைக்கு வருகிறாயா என்று கேட்டது. போவதென்றால் வாணிக்கு வயிறு பெரிதாவதற்கு முன்னம் விமானம் ஏற வேண்டும். இரண்டு கிழமையில் பதில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

நிமலன் என் முன்னால் வந்து இருந்து சொன்னான்:

"அம்மா ஓம் எண்டால் போவம். இல்லையெண்டால் இல்லை. ஆனால் உங்களைத் தனிய விட்டிட்டுப் போகமாட்டன். போனால் நீங்களும் வாறியள்."

என்றோ ஒருநாள் வருவோம் என்று, ரீச்சர் ரொறன்ரோவில் தன் வீட்டு பேஸ்மென்ற்றை, நிலத்துக்குக் கீழ் அறையை, எனக்காக முன்கூட்டியே திருத்தி வைத்திருந்தார். "உங்களுக்கெண்டு தனிக் குசினி, அக்கா. மேலை ஏறத் தேவையில்லை" என்று போனில் படமும் காட்டினார். நல்ல வடிவான சமையலறைதான். சன்னல் மட்டும் கூரையோடு ஒட்டி, ஒரு சாண் உயரம்தான் இருந்தது.

எனக்குப் போக விருப்பமில்லை. அவன் போகவும் விருப்பமில்லை. ஆனால் எந்த வாயால் அதைச் சொல்வது? எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். என்னுடைய மனிசனும் ஒரு பெட்டியோடு என் தாய் வீட்டுக்கு வந்தவர்தான். அவருடைய தாய் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாவாம். நான் அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. புதுப் பெண், எனக்கென்ன!

சம்பந்திமார் முகத்துக்கு முகம் மறுத்துப் பேசுவதும் எங்களுக்குள் வழக்கமில்லை. அதனால் நான் ஒரு யோசனை செய்தேன். ரீச்சர் மகளைப் பார்க்க வந்திருந்த நேரம். நிமலனுக்கும் லீவு. "ரீச்சருக்கு ஜேர்மனியைக் காட்டுவம், தம்பி" என்றேன். இந்த நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை விட்டிட்டு ஏன் வாறியள், பிள்ளையள்?" என்று ரீச்சரின் வாயாலேயே வரவேண்டும். அதுதான் என் கணக்கு.

ஏரியில் ஊற்றினால் தெரியாத ஆறு

காரில் நாங்கள் நான்கு பேர். நிமலன் ஓட்டினான். வாணி முன்னுக்கு. பின்னுக்கு நானும் ரீச்சரும். எங்கள் நடுவில் புட்டுப் பெட்டி, சம்பல் போத்தல், தேத்தண்ணிப் பிளாஸ்க்.

முதலில் கொலோன். வானத்தை முட்டும் இரண்டு கோபுரம். நான் கழுத்து நோக நிமிர்ந்து பார்த்துவிட்டு ரீச்சரைப் பார்த்தேன்.

"எங்கடை ரொறன்ரோக் கோபுரம் இதை விட உயரம்" என்றார்.

பிறகு றைன் நதி. மலைக்கு மலை கோட்டை, நடுவில் கப்பல்.

"வடிவுதான். எங்கடை ஏரியிலை இதை ஊத்தினால் தெரியாது."

ஹைடல்பேர்க்கில் இடிந்த அரண்மனை. "திருத்தாமல் விட்டிட்டினமே?" நூர்ன்பேர்க்கில் கோட்டை மதில். "இவ்வளவு படி வைச்சால் வயசானதுகள் என்னெண்டு ஏறும்?"

வாணி முன் சீற்றிலிருந்து, "அம்மா, நீங்கள் நாட்டைப் பாக்க வந்தனீங்களோ, சோதினைப் பேப்பர் திருத்த வந்தனீங்களோ?" என்றாள். நிமலன் சிரிப்பை அடக்க முடியாமல் சன்னலைத் திறந்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு நாள் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பதில் கொடுக்க வேண்டும். மிச்சம் இருந்தது டிரெஸ்டன் ஒன்றுதான்.

கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும்

பாலத்தில் கார் ஏறும்போதே தெரிந்துவிட்டது, இது வேறு ஊர் என்று. எல்பே ஆறு அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. அக்கரையில் கோபுரமும் மண்டபமும் கூரைமேல் சிலைகளுமாக நகரம் வரிசை கட்டி நிற்கிறது. ஆற்றங்கரை முழுக்கப் புல்வெளி. இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில், ஆறு பெருகினால் படுக்க இடம் வேண்டும் என்று அந்தப் புல்லை அப்படியே விட்டிருக்கிறார்களாம்.

ஒரு தெருவில் சுவர் முழுக்க ஓடு. பீங்கான் ஓடு. அந்த நாட்டை ஆண்ட ராசாக்கள் எல்லாரும் குதிரையில் ஒருவர் பின் ஒருவராக அந்தச் சுவரில் போகிறார்கள். தெருவின் தொடக்கத்தில் ஏறியவர்கள் தெரு முடியும் வரை போகிறார்கள். குதிரையின் பிடரி மயிர் தனித்தனியாகத் தெரிகிறது. நான் கிட்டப் போய் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் பார்த்தேன். கறுப்பு இல்லை, பாசி இல்லை. இருபத்தேழு வருடம் கட்டடம் துடைத்த எனக்குத் தெரியும், அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று.

ரீச்சர் சுவரோடு சுவராக நடந்தார். தெரு முடிவில்தான் வாய் திறந்தார்.

"இத்தனை ராசாக்கள் போயினம். ஒரு பொம்பிளையையும் காணேல்லையே, அக்கா?"

"அவையள் முதலே போய்ச் சமைக்கத் தொடங்கியிருப்பினம்."

அன்றைக்குத்தான் அந்தப் பயணத்தில் ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு அந்தத் தேவாலயம். கவிழ்த்து வைத்த பெரிய மணி போல ஒரு கூரை, முழுக்கக் கல்லால். உடம்பு மணல் நிறம். ஆனால் அங்கங்கே கறுப்புக் கல், சில இடத்தில் ஒன்றிரண்டு, ஒரு பக்கத்தில் சுவராகவே. ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கிருந்த பலகையை வாசிக்கத் தொடங்கினார். அதில் ஆங்கிலமும் இருந்தது.

"வாசிக்காதேங்கோ, ரீச்சர். நான் சொல்லுறன்" என்றேன்.

அந்தப் பலகையை வாசிக்கத் தெரியாத எனக்கு அந்தக் கதை எப்படித் தெரியும்? கிறிஸ்டா சொன்னது.

கிறிஸ்டா

கிறிஸ்டா என்னோடு ஹனோவரில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் கூட்டித் துடைத்தவள். டிரெஸ்டன் பக்கத்துப் பெண். நாட்டை இரண்டாகப் பிரித்த மதில் விழுந்த பிறகு வேலை தேடி மேற்கே வந்தவள். முதல் நாள் என்னிடம், "நீயும் வெளியூர், நானும் வெளியூர். எனக்கு உன்னைவிட டொச் கொஞ்சம் கூடத் தெரியும், அவ்வளவுதான்" என்றாள். என் டொச் எல்லாம் அவளிடமிருந்து வந்தது. அதனால் என் பேச்சில் அவளுடைய ஊர் இழுவை இருக்கிறது. டிரெஸ்டன் கடையில் நான் வாய் திறந்ததும் அந்தக் கடைக்காரி கண்ணை விரித்துப் பார்த்தாள்.

கோப்பி நேரத்தில் கிறிஸ்டா சொல்லுவாள். போரில் குண்டு போட்டு, நகரம் எரிந்து, இரண்டாம் நாள் அந்தத் தேவாலயம் சூட்டில் தானாக இடிந்து விழுந்ததாம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது ஒரு கல்லுமலை. பக்கத்தில் ஆடு மேய்ந்ததாம். அரசாங்கம் மாறியது, ஆட்கள் மாறினார்கள், அந்தக் குவியலை மட்டும் ஒருவரும் அள்ளவில்லை. பிறகு ஒரு காலத்தில் வந்து, கல்லுக் கல்லாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, தட்டில் அடுக்கி, எது எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்துப் பார்த்துத் திரும்ப வைத்தார்கள். கறுப்பாக இருப்பது பழைய கல். மணல் நிறம் புதுக் கல்.

"கறுப்பைத் தேய்த்து வெளுக்கப் பண்ணவில்லையா?" என்று நான் கேட்டேன். துடைப்பவளின் கேள்வி அது.

"அது ஊத்தை இல்லை. கல்லுக்கு வயது போனால் அப்படித்தான்" என்றாள் கிறிஸ்டா.

இதை எல்லாம் ரீச்சருக்குச் சொன்னேன். ஒரு காலத்தில் வகுப்பு முழுவதையும் சத்தமில்லாமல் இருத்தியவர், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

மாதாவைத் தேடி

உள்ளே போனோம். இருட்டாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியில்லை. மஞ்சள், இளம் பச்சை, ரோசா என்று ஒரே வெளிச்சம். மேலே மேலே வட்டமாக மாடங்கள். ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இருக்கைப் பலகை என் தொடைக்குக் கீழே அதிர்ந்தது. எவ்வளவோ உயரத்துச் சன்னல், ஒன்றிலும் துடைத்த கோடு இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ரீச்சருக்கு வெள்ளியில் கோயிலுக்குப் போகாமல் சாப்பாடு இறங்காது. தேவாலயத்தின் பேரில் 'பெண்' என்று வருவது மாதாவைத்தான் குறிக்கும் என்று கிறிஸ்டா சொல்லியிருந்தாள். மாதா என்றால் எங்களுக்குத் தெரியாதவரா? ஊரில் மடு மாதா. இங்கே வருடா வருடம் சைவசமயக்காரர்களும் பஸ் பிடித்து கேவலார் மாதாவிடம் போகிறோம். ஆகவே இரண்டு பேரும் மெழுகுதிரியும் மாதாவும் எங்கே என்று தூண் தூணாகத் தேடினோம். பலிபீடம் முழுக்கத் தேடியும், நாங்கள் கேட்டு வந்தவரைக் காணவில்லை.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த வாணியிடம் கேட்டால் அவள் தலையில் கை வைத்தாள்.

"மாமி, இது புரட்டஸ்தாந்துச் சேர்ச். பேர் மட்டும்தான் மாதா. இஞ்சை ஒருத்தரும் மாதாவைக் கும்பிடுறேல்லை."

ரீச்சர் அசையவில்லை. "பேரை வைச்சவை அவவைத்தானே வைச்சவை? உள்ளுக்கு இல்லாட்டி என்ன. சுத்துவம், அக்கா."

"சப்பாத்தோடையோ?"

"கோயில் வீதியிலை சப்பாத்துப் போடுறதே?"

அப்படித்தான் நான் தொடக்கத்தில் சொன்ன சுற்று தொடங்கியது. வடக்குப் பக்கத்தில் பழைய கூரையிலிருந்து விழுந்த ஒரு பெரிய கறுப்புத் துண்டை அப்படியே தரையில் வைத்திருக்கிறார்கள், ஒரு சின்ன வீட்டளவு. இரண்டாம் சுற்றில் அதற்குப் பக்கத்தில் வரும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"ரீச்சர், என்ன நேந்தனீங்கள்?"

"சொன்னால் பலிக்காது."

"நான் சொல்லட்டே?"

"வேண்டாம். எனக்கு உங்கடையும் தெரியும்."

இரண்டு பேரும் அந்தக் கறுப்புக் கல்லைத் தாண்டினோம். பிறகு ரீச்சர், "பாவம் மாதா. ஒருத்தரும் கும்பிடாமல் நிம்மதியாய் இருந்தவ. ரெண்டு கிழவியள் வந்து, ஒண்டுக்கொண்டு மாறிக் கேக்கிறம். அதுவும் தமிழிலை" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் சுற்றை அரைவாசிதான் ஒழுங்காகச் சுற்றினோம்.

பாதி வழியில்

கூரைக்கு மேலே ஏறலாம் என்றார்கள். வாணியால் ஏலாது, நிமலன் அவளோடு கீழே நின்றான். பாதி வரை லிப்ட். பிறகு கல்லுச் சுவருக்கு நடுவில் சுழன்று சுழன்று ஏறும் பாதை. அதில் ஒரு வளைவில் ரீச்சர் நின்றுவிட்டார். முகம் வெளுத்து, என் கையை இறுக்கிப் பிடித்தார்.

நான் அங்கே வேலையில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டேன். கதிரை வந்தது, தண்ணீர் வந்தது. ஒரு கையால் விசிறி, மறு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் நிறம் திரும்பியது.

"இண்டைக்கு நீங்கள் பக்கத்திலை நிண்டியள்" என்றார் மெதுவாக. "போன மாரியிலை குளியலறைக்கை விழுந்தனான், அக்கா. காலமை விழுந்தது. ஊர்ந்து போய் போனை எடுக்கப் பின்னேரமாப் போச்சு. வாணிக்குத் தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ. இரக்கத்திலை பிள்ளை வரவேண்டாம்."

நான் சொல்லவில்லை. இதை இப்போது எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "இனி என்ன, எழுதுங்கோ" என்றார்.

அவர் என்னை மேலே போகச் சொன்னார். அந்தப் பெண்ணும் தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கடைசிப் படிகள் ஏணி போல. கம்பியைப் பிடித்து ஏறி வெளியே வந்தேன். காற்று சேலைத் தலைப்பை அடித்தது.

கீழே ஆறு வளைந்து போகிறது. சக்கரம் வைத்த பழைய நீராவிக் கப்பல் ஒன்று கரையை விட்டுப் புறப்படுகிறது. சிவப்புக் கூரைகள், பச்சைக் கோபுரங்கள், தூரத்தில் மலை. எரிந்த ஊர் என்று யாராவது சொல்லாவிட்டால் தெரியாது. நான் பெருமூச்சு விட்டேன். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருடம். அகதியாக வந்து, வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, மனிசனை எடுத்து எரித்து, எல்லாம் இங்கேதான். ஆனால் நான் பார்த்ததெல்லாம் இந்த நாட்டின் தரையைத்தான், குனிந்து. கொலோனும் றைனும்கூட எனக்கும் அதுதான் முதல் தடவை. ரீச்சருக்குக் காட்டுகிறேன் என்று போய், நான்தான் பார்த்திருக்கிறேன்.

இனி இதை விட்டு எங்கே போவது? எனக்கு அங்கே நின்றே தெரிந்துவிட்டது. மகனை நான் மறிக்கப் பார்த்தது அவனுக்காக இல்லை. அவன் இல்லாவிட்டால் இங்கே எனக்கு ஒன்றும் இல்லை என்ற பயத்தில்தான்.

ஆற்றங்கரை மேடையில்

ஆற்றுக்கு மேலே மரநிழலோடு ஒரு நீண்ட மேடை இருக்கிறது. அதில் நான்கு பேரும் இருந்து கடைசிப் புட்டைச் சாப்பிட்டோம். நான் கை கழுவிவிட்டுச் சொன்னேன்.

"தம்பி, நீங்கள் கனடாவுக்குப் போங்கோ. ஆனால் நான் வரேல்லை."

நிமலன் என்னைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தான். "அது ஏலாது. தனிய இருந்து விழுந்து கிழுந்தால்?"

ரீச்சர் குனிந்து சேலையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"காலமை எட்டு மணிக்கு என்ரை சன்னல் மறைப்பு மேலை போகாட்டி, கீழ் வீட்டு மனுசி வந்து பெல் அடிப்பா. அவவின்ரை போகாட்டி நான் போய் அடிப்பன். எத்தினை வருசமாய் நடக்குது, உனக்குத் தெரியுமே?"

அவனுக்குத் தெரியாது. வாணிதான் கண்ணைத் துடைத்தாள்.

"மாமி, எங்களோடை கோவமோ?"

"கோவமெண்டால் புட்டுத் தந்திருப்பனே?"

பிறகும் அவன் தலையாட்டவில்லை. அப்போது ரீச்சர் பேசினார். "தம்பி, மேலை எனக்குத் தலை சுத்தினது. உங்கடை அம்மா சனத்தைக் கூப்பிட்டு, கதிரை எடுப்பிச்சு, ராசாத்தி மாதிரி நிண்டவ. அவவைக் கொண்டுபோய் என்ரை பேஸ்மென்ற்றிலை இருத்தினால், பாவம், ரீவியைப் பாத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருப்பா. அதை நான் பாக்கேலாது."

அந்தக் குசினி கட்டிய மனுசி அப்படிச் சொன்னார். நான் அவருடைய கையைத் தட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான். சம்பந்திமார் கட்டிப் பிடிக்கிற வழக்கமும் எங்களுக்குள் இல்லை.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலையில் நிமலன் வேலைக்குப் போகும் வழியில் என் வீட்டுக்கு வந்தான். கம்பியூட்டரைக் குசினி மேசையில் வைத்து, பதிலை அனுப்புவதற்கு முன்னம் எனக்கு வாசித்துக் காட்டினான். டொச்சில் எழுதியிருந்தான். காதால் கேட்டால் எனக்கு எல்லாம் விளங்கும்.

வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று வந்தது. நன்றி என்று வந்தது. பிறகு, என் தாய் வயதானவர், தனியாக விடப்படுகிறார், அவரைக் கவனிக்க அடிக்கடி லீவு தேவைப்படும் என்று வந்தது.

"நிப்பாட்டு. அதை அழி" என்றேன்.

"அம்மா, லீவு எடுக்கக் காரணம் சொல்லவேணும்."

"லீவைக் கேள். என்னைப் பாவம் எண்டு காட்டிக் கேக்காதை. விடப்படுறனாம்! ஆர் என்னை விட்டது? நானெல்லோ உன்னைப் போகச் சொன்னனான்."

அவன் அழித்தான். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான், சின்ன வயதில் செய்தது போல.

"அப்ப இதிலை என்னத்தை எழுத?"

"அம்மா ஹனோவரிலை இருக்கிறா, அவவைப் பாக்க வருவன் எண்டு எழுது. அவ்வளவு காணும்."

எழுதினான். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். சரியாக இருந்தது. அனுப்பச் சொன்னேன்.